நாளைக்கு எங்கள் வீட்டில் ஆடிட்

மகனே,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இன்னும் பதினெட்டு முடியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தாலே நான் எழுந்து போய்விடுகிறேன், ஆகையால் நீ பிறக்காமலே போனாலும் போகலாம். ஆனாலும் உனக்குத்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது. தோழியிடம் சொன்னால் அது அவள் வீட்டுக்குப் போய்விடும், அங்கிருந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். உன்னிடம் சொன்னால் எங்கும் போகாது. நீ படித்து, வேலைக்குப் போய், உன் கல்யாணத்துக்கு முதல் நாள் இதை எடுத்துப் படிப்பதாக நினைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு உனக்கு என்னைவிட வயது கூடுதலாக இருக்கும். ஒரு பள்ளிக்கூடப் பெண் அம்மா மாதிரி புத்தி சொல்கிறாளே என்று சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். நான் சிரிக்கிற நிலைமையில் இல்லை. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு விழுகிற இடத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா எழுந்து வந்தால் இந்தத் தாள்களை வேதியியல் புத்தகத்தின் பிரவுன் அட்டைக்குள் சொருகிவிட வேண்டும். இரண்டு முறை சொருகிப் பார்த்துவிட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன்.

நாளைக்குக் காலையில் எங்கள் வீட்டுக்குப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார். குடும்ப வன்முறைச் சட்டத்தில் அப்படி ஒரு அதிகாரி உண்டு. அடிபடுகிற பெண்ணிடம் வந்து விசாரித்து, நீதிமன்றத்துக்கு எழுதி அனுப்புவது அவர் வேலை. அவர் ஏன் வருகிறார் என்றால், உன் அம்மாயிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, வலது கையில் மாவுக்கட்டு போட்டிருக்கிறது. கம்பெனியில் ஆடிட் நடக்கிற நாளில் அப்பா போடுகிற சட்டை இஸ்திரிக் கடையிலிருந்து திரும்பி வரவில்லை. கடைக்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அப்பா அவள் கையைப் பிடித்துப் பின்பக்கமாகத் திருப்பினார். நான் அப்போது என் அறையில் கதவுக்குப் பின்னால் நின்று கரிம வேதியியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் குரல் உயர்ந்தால் நான் சத்தம் போட்டுப் படிப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். என் மார்க்கெல்லாம் அப்படி வந்த மார்க். "உன்னோட பொண்ணு என்னமாப் படிக்கறா!" என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் சொல்லும்போதெல்லாம் அம்மா வேறு பக்கம் பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் அம்மா, பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றாள். கட்டுப் போட்ட நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார். அப்பா மருந்து வாங்கப் போன சமயம் மட்டும், "வழுக்கி உழுந்தா இந்தப் பக்கமாத் திரும்பாதுங்களே அக்கா," என்றார். அந்த நர்ஸ்தான் தகவல் கொடுத்திருக்க வேண்டும். சில நாள் கழித்து பாதுகாப்பு அலுவலரின் அலுவலகத்திலிருந்து அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவின் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கிறது. ஆகையால் எந்த நாள், எந்த நேரம் வருகிறார்கள் என்பதை அப்பாதான் கேட்டுக்கொண்டார். "தாராளமா வாங்க மேடம். டீ சாப்ட்டுட்டுத்தான் போகோணும்," என்றார். போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்து, "ஆடிட் வெச்சுட்டாங்க நம்மூட்டுக்கு," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்குப் பயம் ஆரம்பித்தது.

அப்பாவின் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் உனக்கு இது புரியும். நாங்கள் இருப்பது திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையம். அப்பா ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மேனேஜர். தையலும் கட்டிங்கும் அவர் பார்ப்பதில்லை. வெளிநாட்டுப் பையர்கள், அதாவது சரக்கு வாங்குகிறவர்கள், வேலையாட்களைக் கம்பெனி ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க ஆடிட்டர்களை அனுப்புவார்கள். அவர்கள் வருவதற்கு முன்னால் கம்பெனியைத் தயார் செய்வதுதான் அப்பாவின் வேலை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் நிரம்பும், தீயணைப்பு வழியை அடைத்திருக்கும் துணி மூட்டைகள் மாயமாகும், கழிவறையில் சோப்பு வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஆட்களுக்குச் சொல்லித் தருவது. ஒரு கோடை விடுமுறையில் அப்பாவோடு போய் அதைப் பார்த்திருக்கிறேன். தையல் பிரிவில் ஒவ்வொரு அக்காவாகக் கூப்பிட்டு அப்பா கேட்பார்: "ஓவர்டைம் கட்டாயமா பாக்கச் சொல்றாங்களா?" அவர்கள், "இல்லீங்க சார், இஷ்டப்பட்டாத்தானுங்க," என்பார்கள். வடநாட்டுப் பையன்களுக்கு ஒருவர் இந்தியில் அதையே சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுவரில் புகார்ப் பெட்டி ஒன்று புதுச் சிவப்புப் பெயின்ட்டில் பளபளத்தது. அதன் சாவி அப்பாவின் சாவிக்கொத்தில் தொங்கியது.

அதே மாதிரி இந்த வாரம் எங்கள் வீடு தயாரானது. அப்பா பாத்ரூமுக்கு வழுக்காத மிதியடி வாங்கிப் போட்டார். போட்டுவிட்டு யோசித்து, அதை எடுத்து மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். மிதியடி இருந்தால் எப்படி வழுக்கும்? அவர் எட்டி உதைத்து ஓட்டை விழுந்த படுக்கையறைக் கதவில் ஒரு பெரிய காலண்டர் தொங்குகிறது. எங்கள் மூவரின் மைசூர் போட்டோ பீரோவுக்குள்ளிருந்து ஹாலுக்கு வந்துவிட்டது. நேற்று அவரே வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அக்கா, "ஏனுங்ணா, ஊடெல்லாம் கழுவறீங்க, ஒறம்பரை வர்றாங்களா?" என்று கேட்டது. "ஆமாங்க, முக்கியமான ஒறம்பரை," என்றார் அப்பா. விருந்துக்கு வருகிறவர்களைத்தான் எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். அந்த அக்கா அம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்தது. பிறகு தன் வீட்டு வாசலையும் கழுவ வேண்டும் என்று ஞாபகம் வந்தது போல உள்ளே போய்விட்டது. எங்கள் வீட்டுச் சத்தம் அந்த வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். நாங்கள் சண்டை போடும்போது அங்கே டிவி சத்தம் கூடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்த கையோடு, ஒத்திகை நடந்தது. அப்பா ஹாலின் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பேனாவோடு உட்கார்ந்தார். அவர்தான் பாதுகாப்பு அலுவலர். "வாங்கம்மா, உக்காருங்க," என்று அம்மாவைக் கூப்பிட்டார். எனக்கு நினைவு தெரிந்து அப்பா அம்மாவை 'வாங்க' என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்கம்மா. கைக்கு என்னாச்சுங்க?"

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டனுங்க."

"இவ்வளவு வெசையாச் சொன்னா எப்படீங்க? பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்குது. கொஞ்சம் யோசிச்சுச் சொல்லோணும். ஆடிட்டருக்குச் சந்தேகம் வர்றதே அங்கதான்."

அடுத்து என் முறை. "கண்ணு, பயப்படாமச் சொல்லு. அப்பா அம்மாவை அடிப்பாரா?" நான், "இல்லீங்க மேடம். சத்தம் மட்டும் போடுவாரு," என்றேன். அப்பா நாற்காலியிலேயே எழும்பிவிட்டார். "சூப்பர் கண்ணு! சத்தம் போடுவாருன்னு நீயாச் சேத்துக்கிட்டியா? அதேதான் வேணும். துளி குறையும் சொன்னாத்தான் நெசமாட்டம் இருக்கும். என்ற புள்ள பாரு!" மகனே, உன்னிடம் மறைக்கக் கூடாது. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்து அப்படிப் பெருமைப்பட்டு நாளாகியிருந்தது. பக்கத்தில் அம்மா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மறுபடியும் அம்மா. இந்தத் தடவை அப்பா குரலை இன்னும் தணித்துக்கொண்டார். அவருக்கு அந்த வேஷம் நன்றாக வந்துவிட்டது. "அம்மா, சங்கடப்படாதீங்க. உங்களுக்கு உதவி பண்ணத்தான் வந்திருக்கறமுங்க. உங்க ஊட்டுக்காரர் உங்களை எப்பவாச்சும் அடிச்சிருக்காருங்களா?"

அம்மா அவரையே பார்த்தாள். அவர் சொல்லிக் கொடுத்த மாதிரி யோசித்தாள். அப்புறம், "ஆமாங்க," என்றாள்.

என் கால்கள் தாமாகவே என் அறைப் பக்கம் திரும்பிவிட்டன. வேதியியல் புத்தகம் எங்கே இருக்கிறது என்று மனம் தேடியது. அப்பா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "ரிப்பீட்," என்றார். கம்பெனியில் ஆட்கள் தப்பாகச் சொன்னால் அவர் சொல்கிற வார்த்தை அது. "மறுக்காக் கேக்கறனுங்கம்மா. அடிச்சிருக்காருங்களா?" அம்மா, "இல்லீங்க," என்றாள். "அவ்ளோதான். இதுக்குப் போயி." அவர் எழுந்து நாற்காலியை ஓரமாக இழுத்துப் போட்டார். சமையலறை வாசலில் நின்று ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, இப்போது தன் சொந்தக் குரலில், "அன்னிக்கு வாய் தவறிச்சுன்னா, அந்தம்மா டீயக் குடிச்சுட்டு ஆபீசுக்குப் போயிரும். நீ இங்கதான இருப்பே?" என்றார். ஒரு சுளையை எனக்கும் நீட்டினார். நான் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த 'ஆமாங்க'வைத்தான் நான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா அதை வேண்டுமென்று சொல்லவில்லை என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் மரியாதையாக உட்காரச் சொல்லி, பொறுமையாகக் கேட்டார். கேட்டது அப்பா என்பதே ஒரு நிமிஷம் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். எத்தனையோ வருஷமாகப் போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் சொல்லாததை, அடித்த ஆளிடமே சொல்லிவிட்டாள். கேட்கிற விதத்தில் கேட்டால் பதில் வரும். ஆனால் அந்தப் பதிலை அவள் எங்கே உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது, சொன்ன பிறகு எங்கே படுத்துத் தூங்க வேண்டியிருக்கிறது என்பதைச் சட்டம் பார்ப்பதில்லையே என்றுதான் எனக்குக் கவலை.

நான் ஒன்பதாவது படிக்கும்போது அப்பாவின் கம்பெனிக்குச் சொல்லாமல் ஓர் ஆடிட் வந்தது. வந்த பெண்மணி கம்பெனிக்குள்ளேயே போகவில்லை. சாயங்காலம் ஷிப்ட் விடுகிற நேரத்தில் டீக்கடை ஓரமாக நின்றிருக்கிறார். அப்புறம் தையல் அக்காக்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கே நடந்து போய், வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர்களோடு பூண்டு உரித்துக்கொண்டே பேசியிருக்கிறார். யார் எதைச் சொன்னது என்று கம்பெனிக்குத் தெரியாது. பெயர் எழுத மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாராம். அன்றைக்குத்தான் அப்பா பயந்து நான் பார்த்தேன். போனில் யாரிடமோ, "கம்பெனிக்குள்ள வந்து கேக்காம லைன் ஊட்டுல போயிக் கேட்டா அது என்னுங்க நியாயம்? எப்படீங்க நாம தயார் பண்றது?" என்று கத்திக்கொண்டிருந்தார். சாப்பாடு இறங்கவில்லை, தட்டு சுவரில் போய் மோதியது. ஆனால் அதற்கப்புறம்தான் அந்தக் கம்பெனியில் பெண்களைக் கட்டாயப்படுத்தி இரவு வேலைக்கு நிறுத்துவது நின்றது. ஒரு கம்பெனி பனியனுக்கு இவ்வளவு யோசிக்கிறார்கள். சொல்லாமல் வருகிறார்கள், வெளியில் வைத்துக் கேட்கிறார்கள், சொன்னவர் யார் என்று காட்டிக்கொடுக்காமல் இருக்கிறார்கள். என் அம்மாவைக் கேட்க வருகிறவர்கள் மட்டும் நாள் குறித்து, அப்பாவிடமே நேரம் கேட்டு, அப்பா போடுகிற நாற்காலியில் வந்து உட்காரப் போகிறார்கள்.

போன மாதம் எங்கள் பள்ளியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. ஒரு வக்கீல் அம்மா வந்து இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினார். நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே இது இருக்கிறதாம். அடிப்பது மட்டுமல்ல, கேவலமாகப் பேசுவதும், செலவுக்குக் கொடுக்காமல் நெருக்குவதும்கூட வன்முறைதானாம். கணவன் பெயரில் வீடு இருந்தாலும் மனைவியை வெளியே துரத்த முடியாதாம்; நீதிமன்றம் சொன்னால் அவர்தான் வெளியே போக வேண்டுமாம். கூட்டம் முடிந்ததும் பின்னாலேயே போய், "என் ஃப்ரெண்டோட அம்மா, மேடம்," என்று ஆரம்பித்தேன். "அந்த அம்மாவே ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டா என்னாகும்?"

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யாரு வேணும்னாலும் தகவல் சொல்லலாம் கண்ணு. ஆனா அந்த அம்மாவே இல்லைன்னுட்டா, பெரும்பாலும் அதோட நின்னுரும்."

"பயத்துல சொல்றாங்கன்னு தெரிஞ்சாலுமா?"

"தெரிஞ்சாலும். கோர்ட்டுக்கு யாராச்சும் வாயத் தொறந்து சொல்லணுமில்ல?"

"ஆமான்னு சொன்னா? அன்னிக்கு ராத்திரி அவங்க எங்க மேடம் படுக்கறது?"

வக்கீல் அம்மா என் தோளில் கை வைத்தார். "உத்தரவு வர்ற வரைக்கும் அதே ஊட்லதான் இருப்பாங்க. இல்லாட்டி விடுதிக்குப் போகணும். சட்டம் நல்ல சட்டம்தான். மாத்த வேண்டியது இன்னும் நிறைய இருக்குது. உன் ஃப்ரெண்ட தைரியமா இருக்கச் சொல்லு," என்றார். தைரியமாக இருக்கச் சொல்வதற்கு எதற்குச் சட்டம் என்று எனக்குத் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை. நல்லவர், பாவம்.

ஆகையால் மகனே, நீ இதைப் படிக்கிற காலத்தில் இந்தச் சட்டம் மாறியிருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். டில்லியில் சட்டம் எழுதுகிறவர்கள் ஒரே ஒரு நாள் என் அப்பாவிடம் வந்து, நீங்கள் எந்த மாதிரி ஆடிட்டுக்குப் பயப்படுவீர்கள் என்று கேட்டால் போதும். வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள் என்று அதில் எழுதச் சொல். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிற இடத்திலேயே, கணவன் இல்லாத அறையில் வைத்துக் கேட்கட்டும். போனில் நாள் சொல்லாதீர்கள். அந்தப் போன் யார் பையில் இருக்கிறதோ தெரியாது. இல்லீங்க என்று ஒரு பெண் சொன்னால் கோப்பை மூடாதீர்கள். கொஞ்ச நாள் கழித்து வேறொரு இடத்தில் மறுபடி கேளுங்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த பிள்ளையும் ஒரு சாட்சிதான். ஆமாங்க என்று சொன்ன அன்றைக்கே அந்த ஆள் வெளியே போய்ப் படுக்கட்டும். பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் ஏன் போக வேண்டும்? எனக்குப் பரீட்சை இருக்கிறது. என் புத்தகமெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

நாங்கள் ஒரு தடவை பையைத் தூக்கிக்கொண்டு போனோம். வெள்ளகோவிலில் அம்மாவின் அண்ணன் வீடு. அப்போது அம்மாவுக்குக் காது வீங்கியிருந்தது. மாமா கோபத்தில் குதித்தார். "அவன உண்டு இல்லைன்னு பண்ணிப் போடறேன்," என்றார். அத்தை எங்களுக்குத் தனியாகப் பாய் போட்டுக் கொடுத்தது. மூன்றாம் நாள் அப்பா பழம், ஸ்வீட்டோடு வந்து நின்றார். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசினார்கள். முதலில் என்னைப் பற்றி, அப்புறம் மஞ்சள் விலை, அப்புறம் நூல் விலை. மாமா உள்ளே வந்து, "மாப்ள இனிமே கை வெக்க மாட்டேன்னு சொல்லிப் போட்டாரு. பேசி முடிச்சாச்சு. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கற ஊடு, போலீசு கோர்ட்டுன்னு போனா யாரு வருவாங்க? கெளம்பு சாமி," என்றார். நான் அப்போது ஏழாவது. கல்யாணத்துக்கு நிற்பது யார் என்று சுற்றும்முற்றும் பார்த்தேன். என்னைத்தான் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அம்மா எனக்காகத்தான் வாயை மூடிக்கொள்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் வாயை மூடியிருக்கிற கைகளில் ஒன்று என்னுடையது போல இருக்கிறது.

அப்பா கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். எனக்கு டெங்கு வந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அழுதவர் அவர். காதர்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி எனக்குப் பிடித்த நிறத்தில் சட்டை தேடித் தருவார். என் மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. நாளைக்கு அதையும் சொல்லச் சொல்லியிருக்கிறார், அது உண்மையும்கூட. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது. நான் நாளைக்கு வாயைத் திறந்தால் அவரை என்ன செய்வார்கள்? அந்த அலுவலர் கிளம்பிப் போனதும் அவர் எங்களை என்ன செய்வார்? என் காலேஜ் என்னாகும்? எல்லாரும் என்னைப் பார்த்து, மூக்கும் நெற்றியும் அப்படியே அப்பன்தான் என்பார்கள். உனக்கும் அந்த மூக்கு வரலாம். மூக்கு வந்தால் பரவாயில்லை. உனக்கு வேறெது வரும் என்பதுதான் என் கவலை. ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் வீட்டில் நீ ஒரு கேள்வி கேட்டவுடன் யோசிக்காமல் படபடவென்று பதில் வந்தால், அதைப் பணிவு என்று நினைத்துச் சந்தோஷப்படாதே. அங்கேயே நில். அந்தப் பெண் உனக்காகப் பதிலைத் தயார் செய்து வைத்திருக்கிறாள். தயாராகும்படி நீ என்ன செய்தாய் என்று யோசித்துப் பார். அவள் உன்னிடம் எடுத்தெறிந்து பேசினால், சட்டையை இஸ்திரிக் கடையிலிருந்து நீயே போய் வாங்கிக்கொள் என்று சொன்னால், உன் வீடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்று சாயங்காலம் நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஒரு கைதான் என்பதால் சமையலறையில் நான்தான் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியில் போட்டேன். மிக்ஸி ஓட ஆரம்பித்ததும் அம்மா என் பக்கத்தில் நெருங்கி வந்து நின்றாள். முகத்தை மிக்ஸியைப் பார்த்தே வைத்துக்கொண்டு, "சொல்லுங்க கண்ணு, உங்க ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்றாள். நான் பயந்துபோய் அவளைப் பார்த்தேன். அப்பாவின் ஒத்திகையை இவளும் ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்து, "இல்லீங்க மேடம்," என்றேன்.

"ரிப்பீட்," என்றாள் அம்மா.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மிக்ஸி கத்திக்கொண்டிருந்தது. "அப்பா அம்மாவை அடிப்பாருங்களா?" என்று மறுபடி கேட்டாள். "ஆமாங்க," என்றேன். "வெசையாச் சொல்லாத. அழுதுட்டுச் சொல்லாத. நேராப் பாத்துச் சொல்லு." மறுபடி சொன்னேன். மறுபடி கேட்டாள். "கை எப்படி ஒடைஞ்சுதுங்க?" சொன்னேன். "நீங்க பாத்தீங்களா?" "கதவுக்குப் பொறத்தால நின்னு கேட்டனுங்க." "ம். அத அப்படியே சொல்லோணும்." ஹாலிலிருந்து அப்பா, "சட்னி அரைக்கறீங்களா, சிமெண்ட் கலக்கறீங்களா?" என்று சத்தம் போட்டார். "ஆச்சுங்க!" என்று அம்மா பதில் குரல் கொடுத்தாள். ஆனால் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், நிறுத்தாதே என்பது போல. "இப்ப நீ என்னையக் கேளு," என்றாள்.

நான் அப்பா மாதிரியே, மரியாதையாகக் கேட்டேன். "அம்மா, உங்க ஊட்டுக்காரர் உங்களை அடிச்சிருக்காருங்களா?"

அம்மா உதட்டை நனைத்துக்கொண்டாள். கையை நீட்டி மிக்ஸியின் சுவிட்சை அணைத்தாள். சட்டென்று சமையலறை முழுக்க அமைதி. அந்த அமைதியில், நான் இதுவரை அவளிடம் கேட்டிராத சாதாரணக் குரலில், "ஆமாங்க," என்றாள்.

"என்ன ஆமாங்க?" என்றார் ஹாலிலிருந்து அப்பா.

"சட்னி போதுமான்னு கேட்டாளுங்க," என்றாள் அம்மா.

சட்னி கூழாகிவிட்டது. அப்பா தோசையைத் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதென்ன பாயசமா?" என்றார். அம்மா, "நாளைக்குக் கெட்டியா அரைச்சுத் தர்றனுங்க," என்றாள். மேசைக்கடியில் அவளுடைய கால் என் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அப்பா தட்டை விட்டு எழும்வரை இரண்டு பேரும் காலை எடுக்கவில்லை.

இப்போது அப்பா தூங்குகிறார். அவருடைய ஆடிட் சட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்குகிறது. மடிப்புக் கலையாமல், ஓர் ஆள் நிற்பது போலவே இருக்கிறது. நாளைக்கு முதலில் யாரைக் கேட்பார்கள் என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால் ஒருவேளை அவள் என்னைப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்கு நிற்கிற பெண் ஞாபகம் வந்து, இல்லீங்க என்று சொல்லிவிடக்கூடும். அதனால் நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். யாரைக் கேட்டாலும், யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், அலுவலர் உள்ளே வந்து டீ டம்ளரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் நான் பேசிவிடுவேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். இந்தத் தாளின் ஓரத்தில் உன்னை உட்காரவைத்து, நீ என்னைக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறேன். மறுபடியும் கேள், மகனே. இன்னும் விடியவில்லை. இன்னொரு தடவை கேள்.